சைகோனில் பிறந்த தாத்தா, காரைக்காலில் பிறந்த அப்பா: ஒரு பிரெஞ்சுக் குடியுரிமைக் கோப்பின் கதை

புதுச்சேரி, காரைக்கால் பக்கத்தில் ‘பிரெஞ்சு நேஷனாலிட்டி’ என்று சொன்னால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். திருமணப் பேச்சில்கூட அது தனித் தகுதியாக வந்து நிற்கும். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் ஒருவர் பிரெஞ்சுக் குடிமகன், இன்னொருவர் இந்தியக் குடிமகன். இருவரும் பங்காளிகளாகவும் இருப்பார்கள். அந்தப் பிரிவு எப்படி நடந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “அவங்க தாத்தா ஒப்சியோன் எழுதிக் கொடுத்தார், எங்க தாத்தா கொடுக்கல.”

ஒப்சியோன் என்றால் பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுத்துமூலம் தெரிவிப்பது. இந்தப் பதில் பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாததால் எத்தனையோ குடும்பங்கள் முயற்சியே செய்யவில்லை. முயற்சி செய்த சில குடும்பங்கள் தவறான கேள்விக்குப் பதில் தயாரித்துக்கொண்டு போய்த் தோற்றன. இங்கே நான் எழுதுவது அப்படி ஒரு முறை தோற்று, இப்போது மறுபடி எழுந்து நிற்கும் ஒரு கோப்பைப் பற்றி. மறுப்புக் கடிதம் வந்த பிறகுதான் ஆவணங்களைப் படித்து வரிசைப்படுத்தும் வேலைக்காக அது என்னிடம் வந்தது. குடும்பத்தின் அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன். சட்ட விவரங்கள் எதையும் மாற்றவில்லை.

விண்ணப்பதாரர் 1991இல் பிறந்தவர். சென்னையில் பொறியாளர். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர். அவருடைய அப்பா 1966இல் காரைக்காலில் பிறந்தவர். தாத்தா 1931இல் சைகோனில் பிறந்தவர். கொள்ளுத்தாத்தா 1901இல் காரைக்காலில் பிறந்து, சைகோனில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போனவர். அன்றைக்குக் காரைக்காலும் பிரெஞ்சு, சைகோனும் பிரெஞ்சு. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கொச்சின்சீனாவுக்கு (சைகோனை உள்ளடக்கிய தென் வியட்நாம் பகுதி) வரி வசூலிக்கவும், காவல் வேலைக்கும், நீதிமன்ற எழுத்தர் வேலைக்கும், வியாபாரத்துக்கும் போனவர்கள் ஏராளம். இந்தக் குடும்பம் 1947இல் ஊர் திரும்பியது. 1962இல் தாத்தா காரைக்காலில்தான் குடியிருந்தார். அவர் ஒப்சியோன் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

2023இல் பேரன் பாரிஸுக்கு விண்ணப்பம் அனுப்பினார். கேட்டது பிரெஞ்சுக் குடியுரிமைச் சான்றிதழ். குடியுரிமை கொடுங்கள் என்ற கோரிக்கை அல்ல இது. ‘நான் பிறப்பிலிருந்தே பிரெஞ்சுக்காரன், அதை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்’ என்ற கோரிக்கை. வெளிநாட்டில் பிறந்து வெளிநாட்டிலேயே வாழ்பவர்களுக்கு இதைப் பார்ப்பது பாரிஸ் நீதிமன்றத்தின் குடியுரிமைப் பிரிவு. 2025இல் மறுப்பு வந்தது.

1962 ஆகஸ்ட் 16

முதலில் இந்தத் தேதியைப் புரிந்துகொள்ள வேண்டும். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது 1954 நவம்பர் 1 என்றுதான் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள், நிர்வாகம் கைமாறியது. ஆனால் அது நடைமுறைக் கைமாற்றம் மட்டும்தான். சட்டப்படி அந்த மண் பிரான்சுடையதாகவே இருந்தது. விட்டுக்கொடுப்பு உடன்படிக்கை 1956 மே 28 அன்று கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை அல்ஜீரியப் போர் முடிந்த பிறகு, 1962இல்தான் ஏற்றது. ஒப்புதல் பத்திரங்கள் 1962 ஆகஸ்ட் 16 அன்று பரிமாறப்பட்டன. யார் இந்தியர், யார் பிரெஞ்சுக்காரர் என்பது அந்த ஒரு நாளில் ஒவ்வொருவரும் எங்கே குடியிருந்தார், எங்கே பிறந்திருந்தார் என்பதை வைத்து முடிவானது. (வங்காளத்தில் இருந்த பிரெஞ்சு ஊரான சந்திரநாகூர் இதில் சேராது. அதற்கு 1951இல் தனி உடன்படிக்கை உண்டு. அந்த ஊர் வம்சாவளிக்காரர்கள் 1962ஐ வைத்துக் கணக்குப் போடக் கூடாது.)

உடன்படிக்கையின் நான்காம் விதி சொல்வது இது: இந்தப் பிரெஞ்சுப் பகுதிகளில் பிறந்து, அன்றைய தேதியில் அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக்காரர்கள் இந்தியக் குடிமக்கள் ஆகிறார்கள். ஐந்தாம் விதி ஒரு வாசலைத் திறந்து வைத்தது. ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் அறிவித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம். அதுதான் ஊர் வாயில் ‘ஒப்சியோன்’. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட, திருமணமாகாத பிள்ளைகளுக்கு அப்பாவின் அறிவிப்பே முடிவு. கணவர் எழுதிக் கொடுத்தது மனைவிக்குச் செல்லாது. மனைவி தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு வரி தெரியாமல், கணவர் பிரெஞ்சு மனைவி இந்தியர் என்று ஆன வீடுகள் உண்டு. ஆறாம் விதி, இந்தப் பகுதிகளில் பிறந்து இந்தியாவின் மற்ற இடங்களில் குடியிருந்தவர்களைப் பற்றியது. அவர்களும் இந்தியர் ஆனார்கள், அவர்களுக்கும் தெரிவு உண்டு. ஏழாம் விதி, இங்கே பிறந்து இந்தியாவுக்கு வெளியே, உதாரணமாக பிரான்சிலோ வியட்நாமிலோ, இருந்தவர்களைப் பற்றியது. அவர்கள் தாமாகவே பிரெஞ்சுக்காரர்களாக நீடித்தார்கள்.

இந்த விதிகளை மறுபடி படித்துப் பாருங்கள். எல்லாமே ‘இந்தப் பகுதிகளில் பிறந்த’ பிரெஞ்சுக்காரர்களைப் பற்றித்தான் பேசுகின்றன. வேறு இடத்தில், சைகோனிலோ மதராஸிலோ ரியூனியனிலோ பிறந்துவிட்டு 1962இல் காரைக்காலில் குடியிருந்த பிரெஞ்சுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. உடன்படிக்கை அவரைத் தொடவே இல்லை. அவர் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை, கொடுக்காததால் எதையும் இழக்கவும் இல்லை.

நம் தாத்தா அந்த இடத்தில்தான் நிற்கிறார். சைகோனில் பிறந்தவர் என்பதால் 1962 ஆகஸ்ட் 17 காலையிலும் அவர் பிரெஞ்சுக்காரரே. அது அவருக்கே அப்போது தெரியாது. ஒப்சியோன் எழுதாததால் எல்லாம் போய்விட்டது என்றுதான் அவரும் ஊரும் நம்பினார்கள்.

அவருடைய இரண்டு மகன்களும் இந்தத் தேதிக்குப் பிறகு, 1963இலும் 1966இலும் பிறந்தவர்கள். உடன்படிக்கை கைவைக்கும் நாள் தாண்டிவிட்டது. அன்று நடப்பில் இருந்த 1945ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடியுரிமைத் தொகுப்பு, பிரெஞ்சு அப்பாவுக்கு முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளை பிரெஞ்சு என்றது. அதே நேரம் இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்ததால் அவர்கள் இந்தியக் குடிமக்களும்கூட. இரண்டும் பிறப்பாலேயே வந்தவை. இவர்களுக்கு 1962க்கு முன் காரைக்காலில் பிறந்த அக்கா ஒருவர் இருந்திருந்தால், அவர் பிறந்த இடம் நான்காம் விதிக்குள் வந்திருக்கும், வாதம் வேறு பாதையில் போயிருக்கும். ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே விடை வரும் என்று நினைப்பது இந்த விஷயத்தில் பெரிய தவறு.

காகிதங்கள்

பரம்பரைக் கோப்பில் பழைய காகிதம்தான் கிடைக்காது என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். இந்தக் கோப்பில் நேர் எதிராக நடந்தது. மிகப் பழையவை முதலில் கிடைத்தன. மிகப் புதியவைதான் உயிரை எடுத்தன.

தாத்தாவின் 1931ஆம் ஆண்டு சைகோன் பிறப்புப் பதிவு பிரான்சிலேயே, நாந்த் நகரில் வெளியுறவு அமைச்சகத்தின் மையப் பிறப்பு இறப்புப் பதிவகத்தில் இருக்கிறது. இணையத்தில் கேட்டால் கட்டணம் இல்லாமல் நகல் தருகிறார்கள். நூறாண்டு தாண்டிய குடியேற்ற நாட்டுப் பதிவேடுகளை எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்தின் கடல்கடந்த ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். பிரெஞ்சு அரசே பாதுகாக்கும் பதிவு என்பதால் அதன் மேல் யாரும் சந்தேகம் எழுப்ப முடியாது. கொள்ளுத்தாத்தாவின் 1901ஆம் ஆண்டுப் பதிவும் அப்படியே கிடைத்தது. பிரெஞ்சு இந்தியாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் ஒழுங்காகப் பதிந்தார்கள். அம்மா பெயர், அப்பா தொழில், இரண்டு சாட்சிகள், அவர்கள் வயது என்று ஒரு பக்கத்துக்குச் செய்தி இருக்கும். பழைய காரைக்கால் பதிவேடு ஒன்றைப் படிக்கும்போது அந்த எழுத்தர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை வருகிறது.

சிக்கல் பெயர்களில் தொடங்கியது. ‘உ’ என்ற ஒலிக்கு பிரெஞ்சு எழுத்தர் இரண்டு எழுத்துப் போட்டார், பின்னால் வந்த ஆங்கில எழுத்தர் ஒன்று போட்டார். ‘பிள்ளை’ ஒரு பதிவில் பெயரோடு ஒட்டியிருக்கிறது, அடுத்ததில் தனியாக நிற்கிறது, மூன்றாவதில் காணோம். கொள்ளுத்தாத்தா பெயர் தாத்தாவுக்குக் குடும்பப் பெயர்போல் வந்தது. அப்பாவுக்கு அதுவே ஓர் இனிஷியலாகச் சுருங்கியது. பேரன் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது. நான்கு தலைமுறை ஆண்களுக்கு ஒரு பொதுப் பெயரும் இல்லை. தமிழ் வழக்கம் தெரிந்தவருக்கு இது சாதாரணம். பாரிஸில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு நான்கு தொடர்பில்லாத மனிதர்கள். ஆகவே ஒவ்வொரு கண்ணியிலும் பெயர் எப்படி மாறியது என்று ஒரு விளக்கக் குறிப்பும், இரண்டு பெயர்களும் சேர்ந்து வரும் ஆவணம் ஒன்றும் வைக்க வேண்டியிருந்தது. நில ஆவணங்கள் இங்கே நன்றாக உதவின. பாகப் பத்திரத்தில் ‘இன்னார் மகன் இன்னார் பேரன்’ என்று எழுதும் பழக்கம் இந்தக் கோப்பைக் காப்பாற்றியது.

அடுத்தது பேரனின் சொந்தப் பிறப்புச் சான்றிதழ். அம்மா வீட்டில், நாகப்பட்டினம் பக்கத்து ஊர் ஒன்றில் பிறந்தார். பதிவு நடந்தது 1996இல், பள்ளியில் சேர்க்கும்போது. இந்தியாவின் 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, ஓராண்டு தாண்டிய பிறப்பைப் பதிய அப்போது முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டும். சான்றிதழில் அந்த உத்தரவைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 47ஆம் பிரிவு, வெளிநாட்டில் அந்நாட்டு முறைப்படி எழுதிய பதிவை நம்பலாம் என்கிறது. முறைப்படி எழுதவில்லை என்று தெரிந்தால் தள்ளலாம் என்றும் சொல்கிறது. காலங்கடந்த பதிவு, உத்தரவு இல்லை என்றால் அது கேள்விக்குரிய காகிதம்தான். போலிச் சான்றிதழ் செய்து கொடுக்கும் தரகர்கள் நம் பக்கத்தில் இருந்ததால், உண்மையான கோப்புகளையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் பார்க்கிறார்கள். அந்த வலி நியாயமான குடும்பங்கள் மேல் விழுகிறது. கடைசியில் நடுவர் நீதிமன்றப் பதிவறையில் 1996ஆம் ஆண்டு உத்தரவின் சான்றிட்ட நகல் கிடைத்தது. அதற்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்பதற்கான அரசுச் சான்று முத்திரை), சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. சரி, அது முடிந்தது.

பெற்றோர் திருமணம் 1989இல் ஒரு கோயிலில் நடந்தது. பதிவு செய்தது 2011இல். பிரெஞ்சு சட்டத்தின் 20-1ஆம் பிரிவு இங்கே முக்கியம்: பெற்றோர்-பிள்ளை உறவு, பிள்ளை மைனராக இருக்கும்போதே சட்டப்படி நிலைநாட்டப்பட்டிருந்தால்தான் அது குடியுரிமைக்குப் பயன்படும். பதினெட்டு வயதுக்குப் பிறகு அப்பா வந்து ‘இவன் என் மகன்’ என்று எழுதிக் கொடுத்தால் சொத்துக்கு உதவலாம், குடியுரிமைக்கு உதவாது. இந்த உறவை எந்த நாட்டுச் சட்டப்படி பார்ப்பது என்றால், பிள்ளை பிறந்த நாளில் அம்மாவுக்கு உரிய சட்டப்படி என்கிறது 311-14ஆம் பிரிவு. அம்மா இந்தியர். இந்து திருமணச் சட்டப்படி சடங்கு முறையாக நடந்திருந்தால் திருமணம் செல்லும். பதிவு இல்லாததால் அது செல்லாமல் போகாது. 2011ஆம் ஆண்டுப் பதிவு, 1989இல் நடந்த திருமணத்துக்கான சான்று மட்டுமே.

ஆனால் இதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, பிரெஞ்சு இந்தியாவில் ஒருவர் தன் சாதி, சமய வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு, குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். அப்படி வந்தவர்கள் ‘ரெனோன்சான்’. அவர்கள் சந்ததிக்கும் அது தொடரும். புதுச்சேரிக்கு இந்து திருமணச் சட்டத்தை 1963இல் நீட்டித்தபோது, ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று தெளிவாக எழுதினார்கள். கொள்ளுத்தாத்தா ரெனோன்சானாக இருந்திருந்தால், 1989ஆம் ஆண்டுக் கோயில் திருமணத்தின் மேலேயே கேள்வி விழுந்திருக்கும். ரெனோன்சான் வம்சம் என்றால் பிரெஞ்சுக் குடியுரிமை உறுதி என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. உடன்படிக்கை அப்படி எந்த வேறுபாடும் பார்க்கவில்லை. ரெனோன்சானும் ஆறு மாதத்துக்குள் ஒப்சியோன் எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது. இந்தக் குடும்பம் ரெனோன்சான் இல்லை என்பது 1901ஆம் ஆண்டுப் பதிவிலிருந்தும் பின்னாளைய பதிவுகளிலிருந்தும் தெரிந்தது. இந்த வழக்கில் அது நிம்மதி.

மறுப்பு எங்கிருந்து வந்தது

இவ்வளவும் சரியாக இருந்தும் மறுப்பு ஏன்? மறுப்புக் கடிதம் தாத்தாவைப் பற்றி ஒன்றும் குறை சொல்லவில்லை. சைகோனைப் பற்றியும் பேசவில்லை. அது சிவில் சட்டத்தின் 30-3ஆம் பிரிவைக் காட்டியது.

அந்தப் பிரிவின் கருத்து இதுதான். ஒருவருடைய முன்னோர், அதாவது யார் வழியாக அவருக்குக் குடியுரிமை வரவேண்டுமோ அவர்கள், ஐம்பது ஆண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே நிலைத்துவிட்டார்கள். அவரும் வெளிநாட்டிலேயே வாழ்கிறார். அவரும் சரி, அவருக்குக் குடியுரிமையைக் கடத்த வேண்டிய அப்பா அல்லது அம்மாவும் சரி, பிரெஞ்சுக்காரராக வாழவும் இல்லை, அப்படி நடத்தப்படவும் இல்லை. இவ்வளவும் சேர்ந்தால், ‘நான் வம்சாவளியால் பிரெஞ்சு’ என்று நிரூபிக்கவே அவரை அனுமதிக்க முடியாது. நிரூபணம் பலவீனம் என்று இந்தப் பிரிவு சொல்லவில்லை. நிரூபிக்கும் கதவையே அது மூடிவிடுகிறது. பிரெஞ்சு உச்ச நீதிமன்றமும் 2019இல் இதைச் சான்று பற்றிய விதியாகவே எடுத்துக்கொண்டது. அதனால் வழக்குப் போட்ட பிறகு அவசரமாகக் காகிதம் சேர்த்துச் சரிசெய்துகொள்ளும் வழி அடைபட்டது.

காரைக்கால் பிரான்சுக்கு ‘வெளிநாடு’ ஆனது 1962 ஆகஸ்ட் 16 அன்று. ஐம்பது ஆண்டு முடிந்தது 2012 ஆகஸ்ட் 16 அன்று. பேரன் விண்ணப்பித்தது 2023இல்.

இந்தக் கோப்பின் தோல்வி இங்கேதான் இருக்கிறது. குடும்பம் முழுக் கவனத்தையும் 1962இல் வைத்தது. தாத்தா எங்கே பிறந்தார், ஏன் ஒப்சியோன் தேவையில்லை என்று பக்கம் பக்கமாக விளக்கியது. அந்த விளக்கம் முழுக்கச் சரி. ஆனால் சட்டம் கேட்ட கேள்வி 1962க்கும் 2012க்கும் நடுவிலான ஐம்பது ஆண்டைப் பற்றியது: அந்தக் காலத்தில் நீயோ உன் அப்பாவோ பிரெஞ்சுக்காரராக என்ன செய்தீர்கள்? அதற்குக் கோப்பில் ஒரு வரிகூட இல்லை.

இந்த விதியை நான் எத்தனை முறை படித்தாலும் மனம் ஒப்பவில்லை. ஒரு நாடு தன்னை விட்டு முழுதாக விலகிப்போன குடும்பங்களுக்கு முடிவில்லாமல் குடியுரிமையைக் கடத்திக்கொண்டிருக்க முடியாது, அது புரிகிறது. தானாகக் கப்பலேறி வேறு நாட்டில் போய்க் குடியேறியவர்கள் விஷயத்தில் இதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் காரைக்காலில் இருந்தவர் எங்கும் போகவில்லை. தன் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தார், நாடுதான் அவரை விட்டுப் போனது. தான் பிரெஞ்சுக்காரர் என்பதையே யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரையும், தானாக வெளியேறியவரையும் ஒரே அளவுகோலால் அளப்பது நியாயமில்லை என்பதே என் கருத்து. சட்டம் இப்போதைக்கு அப்படித்தான் அளக்கிறது.

பெரியப்பா வீடும் அப்பா வீடும்

1963இல் பிறந்த பெரியப்பாவின் பிள்ளைகள் பாரிஸ் புறநகரில் பிரெஞ்சுக் குடிமக்களாக வாழ்கிறார்கள். அவர்களுக்கு எந்தத் தடையும் வரவில்லை. அதே தாத்தா, அதே சைகோன் பதிவு. வித்தியாசம் 1981இல் தொடங்கியது.

அந்த ஆண்டு சைகோனிலிருந்து பிரான்சுக்குப் போய்விட்ட ஓர் உறவினர் ஊருக்கு வந்தவர், “நீ அங்கே பிறந்தவன், உனக்கு ஒப்சியோன் எதற்கு?” என்று தாத்தாவிடம் சொல்லியிருக்கிறார். தாத்தா புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு கான்சுலேட்டில் தன் பிறப்புப் பதிவைக் காட்டிப் பெயரைப் பதிந்தார். பெரியப்பாவுக்கு அப்போது பதினெட்டு. அவர் தனியாகப் பதிந்து, பாஸ்போர்ட் வாங்கி, பிரான்சில் கட்டாய ராணுவப் பயிற்சியும் முடித்து அங்கேயே தங்கிவிட்டார். அவர் பிள்ளைகள் பிறந்ததும் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறினார்கள்.

அப்பாவுக்கு அப்போது வயது பதினைந்து. பாலிடெக்னிக் படித்தார், புதுச்சேரி அரசு வேலைக்குப் போனார். பிரெஞ்சுக் காகிதம் வைத்திருந்தால் இந்திய அரசு வேலை கிடைக்காது என்ற பயம் வீட்டில் இருந்தது. அதில் தவறில்லை. அரசு வேலைக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும், இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இன்னொரு நாட்டு பாஸ்போர்ட் வாங்கினால் அந்நாட்டுக் குடியுரிமையைத் தானே தேடிப் பெற்றதாகவே இந்திய விதிகள் கொள்ளும். அவர் அந்த வழியை விட்டுவிட்டார். தாத்தா 1994இல் இறந்தார், பேச்சும் அதோடு நின்றது.

இப்படிப்பட்ட விதி பிரான்சில் மட்டும் இல்லை. அயர்லாந்தில் தாத்தா பாட்டி அங்கே பிறந்திருந்தால் பேரன் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயர் சேர்த்துக் குடிமகன் ஆகலாம். அவர் அப்படிச் சேர்ந்த பிறகு பிறக்கும் பிள்ளைக்குத்தான் அந்த உரிமை தொடரும், முன்னால் பிறந்த பிள்ளைக்கு இல்லை. தலைமுறைக் கணக்கே பார்க்காமல் கொடுத்துவந்த இத்தாலி, 2025 மார்ச்சில் அவசரச் சட்டம் கொண்டுவந்து மே மாதம் அதைச் சட்டமாக்கி, வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக பெற்றோர், தாத்தா பாட்டி வரை என்று எல்லை போட்டது. ஒவ்வொரு தலைமுறையும் ஏதாவது செய்திருக்க வேண்டும் என்பதை நோக்கித்தான் எல்லோரும் நகர்கிறார்கள்.

பதினைந்து வயதுப் பையனின் பெயர்

30-3ஆம் பிரிவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விண்ணப்பதாரர், அவருக்குக் கடத்த வேண்டிய பெற்றோர் ஆகிய இருவருமே பிரெஞ்சுக்காரராக நடத்தப்படாமல் இருந்தால்தான் கதவு மூடும். இருவரில் ஒருவருக்கு அந்த நிலை இருந்தது என்று காட்ட முடிந்தால் தடை நிற்காது. தாத்தாவுடைய கான்சுலேட் பதிவு இங்கே எடுபடாது. சட்டம் ஒரு தலைமுறை மேலே மட்டும்தான் பார்க்கிறது. ஆகவே தேட வேண்டியது அப்பாவின் பெயரை.

கான்சுலேட்டில் ஒருவர் பதிவு செய்யும்போது மைனர் பிள்ளைகளின் பெயரையும் சேர்ப்பார்கள். 1981இல் அப்பா மைனர். அவரிடம் கேட்டபோது, ‘போட்டோ எடுக்கக் கூட்டிட்டுப் போனார், கையெழுத்துப் போடச் சொன்னார்’ என்று மட்டும் நினைவு சொன்னார். தன்னைப் பற்றிய பதிவைக் கேட்டுப் பெறும் உரிமை சம்பந்தப்பட்டவருக்கு உண்டு. அப்பா தன் பெயரில் எழுதிக் கேட்டார். தாத்தாவின் பதிவு அட்டையின் நகல் வந்தது. அதில் அப்பாவின் பெயர், பிறந்த தேதி, பிரெஞ்சுக் குடியுரிமை என்ற குறிப்பு மூன்றும் இருந்தன.

இரண்டாவது காகிதம் வீட்டிலேயே இருந்தது. அப்பாவின் பாலிடெக்னிக் சான்றிதழ்களோடு மடித்து வைத்த ஒரு கடிதம். அவர் பதினெட்டு வயதை எட்டும் சமயத்தில், தேசிய சேவைக் கணக்கெடுப்புக்குப் பெயர் கொடுக்கும்படி வந்தது. அன்று பிரெஞ்சு இளைஞர்களுக்கு அது கட்டாயம். அவர் போகவில்லை. ஆனால் பிரெஞ்சு அரசு அவரைத் தன் குடிமகன் என்று கருதித்தான் அழைத்தது என்பதை அந்தக் கடிதம் காட்டுகிறது. என் கணிப்பில் கோப்பிலேயே கனமான காகிதம் இதுதான். அப்பா சிறிது காலம் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த சான்றையும் குடும்பம் சேர்க்க விரும்பியது. சேர்த்திருக்கிறோம், ஆனால் அதற்கு எடை குறைவு. அந்தப் பள்ளிகளில் பிரெஞ்சுக்காரர் அல்லாத பிள்ளைகளும் படித்தார்கள்.

இவை போதுமா என்பது நீதிபதியின் மதிப்பீட்டில் இருக்கிறது. ஒரு முறை பெயர் பதிந்தது, ஓர் அழைப்புக் கடிதம், அப்புறம் நீண்ட மௌனம். எதிர்த் தரப்பு அந்த மௌனத்தைக் காட்டும். அப்பா இந்திய வாக்காளர் பட்டியலில் இருந்ததையும், இந்திய அரசு வேலையில் இருந்ததையும் காட்டும். நம் தரப்பு, பிறப்பிலேயே இரு குடியுரிமை வந்தவர் ஒன்றைப் பயன்படுத்தியதால் மற்றதைத் துறந்துவிட்டதாக ஆகாது என்று சொல்லும். இதில் தொடர்ச்சியைப் பற்றிய வாதம்தான் பலவீனமான இடம். வழக்கறிஞரும் குடும்பத்திடம் அதை மறைக்கவில்லை.

2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறை மாறியிருக்கிறது. சான்றிதழ் மறுக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் நீதிமன்றம் போக வேண்டும், வழக்கறிஞர் கட்டாயம். வழக்கில் எதிரே நிற்பவர் அரசு வழக்கறிஞர். வழக்கு மனுவின் பிரதியை நீதி அமைச்சகத்துக்கும் அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் மனுவே செத்துப்போகும். பாரிஸிலிருந்து வரும் மறுப்புக் கடிதத்தைப் படித்துவிட்டு ‘பார்க்கலாம்’ என்று அலமாரியில் வைப்பவர்களுக்கு இந்தக் கெடு ஆபத்தானது. இந்தக் குடும்பம் கெடுவுக்குள் மனு போட்டுவிட்டது.

தோற்றால் இன்னொரு வழி மிச்சம். 30-3ஆம் பிரிவால் தடுக்கப்பட்டவர்கள், பிரான்சோடு பண்பாடு, தொழில், பொருளாதாரம் அல்லது குடும்பம் வழியே வெளிப்படையான தொடர்பை வைத்திருந்தால், 21-14ஆம் பிரிவின் கீழ் அறிவிப்பு மூலம் குடியுரிமை கோரலாம். விண்ணப்பதாரர் தன் சொந்தத் தொடர்பைக் காட்ட வேண்டும். பெரியப்பா அங்கே இருக்கிறார் என்பது மட்டும் போதாது. இவர் பிரெஞ்சு படிக்கத் தொடங்கியிருக்கிறார், பெரியப்பா வீட்டோடு போக்குவரத்தும் உண்டு, ஆனால் தொழில் தொடர்பு இல்லை. மேலும் அந்த வழியில் கிடைக்கும் குடியுரிமை அறிவித்த நாளிலிருந்துதான் தொடங்கும். வழக்கில் வென்றால் அவர் பிறந்த நாளிலிருந்தே பிரெஞ்சு, 2019இல் பிறந்த அவர் மகளும் பிறப்பால் பிரெஞ்சு. 21-14 வழியில் போனால், மகள் அவரோடு வசிக்கும் மைனராக இருந்து, அறிவிப்பில் அவள் பெயரும் இருந்தால்தான் அவளுக்குச் சேரும். பெயரை எழுத மறந்து பிள்ளையை வெளியே விட்டுவிடக் கூடாது என்று இப்போதே குறித்து வைத்திருக்கிறோம்.

இந்தியப் பக்கமும் பேசித்தான் முடிவெடுத்தார்கள். பிரெஞ்சு பாஸ்போர்ட் வாங்கினால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். பிறகு ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான அட்டை) வாங்கலாம். அதை வைத்துக்கொண்டு இங்கே வாழலாம், வேலை செய்யலாம், ஆனால் வாக்குரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. குடும்பத்துக்குத் திருநள்ளாறு பக்கம் கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. வாரிசாக வருவதைப் பெறலாம், பக்கத்து நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. பேரன் இதற்குத் தயார். அப்பா தயாரில்லை. தனக்கென்று சான்றிதழ் கேட்கப் போவதில்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அரசு ஓய்வூதியம் வாங்கும் வயதில் அவருக்கு அது வேண்டாம். மகன் வழக்கில் வெல்வதற்கு அவர் விண்ணப்பிக்க வேண்டியதும் இல்லை. 1981இல் கான்சுலேட்டில் நடந்ததைப் பற்றித் தமிழில் ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார். அது மொழிபெயர்ப்போடு பாரிஸ் வழக்கறிஞரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.